சுவருக்குள் போகும் பித்தளை: பைப் ஃபிட்டிங் வாங்கும் முன் நான்கு கேள்விகள்

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில், பிளம்பர் பிரிவுப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஞாயிற்றுக்கிழமை காலையில, பைப்பைப் பற்றிப் பேச ஒருத்தர் வர்றார்னு தெரிஞ்சும் இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. அப்படின்னா இந்தத் தெருவுல நிறைய வீட்டுல ஒழுகுதுன்னு அர்த்தம்.

என் கையில ஒரு சின்னப் பொருள் இருக்கு. ஒரு எல்போ. கடைசி வரிசை வரைக்கும் கொடுத்து அனுப்புங்க, எல்லாரும் தொட்டுப் பாருங்க. வாய்ப் பக்கம் ஒரு முடி அளவுக்கு விரிசல் தெரியுதா? நகத்தால் தடவினால்தான் தெரியும். இது என் தங்கச்சி வீட்டுச் சுவரை உடைச்சு எடுத்தது. அதை மாட்டினது வேற யாரும் இல்லை, நான்தான்.

மாடியில் பாத்ரூமைப் புதுப்பிச்சாங்க. கீசருக்கு ஒரு பாயிண்ட் எடுக்கணும். வாயில் பித்தளை மரை வைத்த எல்போ வாங்கி வரச் சொல்லியிருந்தேன். கடையில் அது இல்லை, முழுக்க பிளாஸ்டிக் மரை உள்ளதைக் கொடுத்துட்டாங்க. மதியம் ஆச்சு, டைல்ஸ் போடுறவர் காத்துக்கிட்டு இருக்கார். "பரவாயில்லை, ரெண்டு சுற்று டேப் கூடப் போட்டுக்கலாம்"னு நானே சொல்லி, பித்தளை நிப்பிளை அதுக்குள்ள நல்லா இறுக்கிட்டேன். அன்னைக்கு ஒரு சொட்டு ஒழுகல.

எட்டு மாசம் கழிச்சு கீழே ஹால் சுவரில் ஈரம். மழைத் தண்ணின்னு நினைச்சு பெயிண்ட் அடிச்சாங்க. மறுபடியும் ஈரம். ஒரு நாள் தங்கச்சி சுவிட்ச் போர்டுல கை வெச்சதும் சுர்ருனு இழுத்திருக்கு. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்ததால் உடனே மின்சாரம் துண்டானது. அது இல்லாத வீடாக இருந்திருந்தால், இந்த எல்போவை உங்களிடம் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

இத்தனைக்கும் நான் பசங்களுக்கு இதையே பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன். தெரியாததால் நடந்த தப்பு இல்லை. அவசரத்தில், "இதுவும் அதுவும் ஒண்ணுதானே" என்று நினைத்ததால் நடந்தது. அதனால இன்னைக்கு நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். வெளியே தெரியும் டேப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் போகிற ஃபிட்டிங்கை, சுவர் மூடுவதற்கு முன்னால்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு நான்கு கேள்விகள் போதும். மரை என்ன அளவு, எந்த வகை? எது எதோடு சேருகிறது? பித்தளை நம் தண்ணீருக்குத் தாங்குமா? மூடும் முன் சோதித்தோமா?

அரை இஞ்ச் என்பது அரை இஞ்ச் இல்லை

முதலில் அளவு. கடையில் "அரை இஞ்ச் நிப்பிள் கொடுங்க" என்கிறோம். அந்த நிப்பிளின் வெளி மரையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர்தானே, மீதி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்து இரும்புக் குழாயில் உள்துவாரத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. மரையின் அளவு வேறு.

நம் வீடுகளுக்கு வேண்டியவை மூன்றுதான். அரை இஞ்ச் வெளி மரை ஏறக்குறைய 21 மி.மீ., முக்கால் இஞ்ச் 26.4 மி.மீ., ஒரு இஞ்ச் 33.2 மி.மீ. ஸ்கேல் இல்லையா? பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. விட்டம். ஃபிட்டிங்கின் வெளி மரை மேல் நாணயத்தை வைத்தால் விளிம்போடு விளிம்பு ஏறக்குறைய சரியாக மூடினால் அது முக்கால் இஞ்ச். நாணயம் சுற்றிலும் நன்றாக வெளியே தெரிந்தால் அரை இஞ்ச். நாணயத்துக்கு வெளியே மரை தெரிந்தால் ஒரு இஞ்ச்.

அடுத்த குழப்பம் மில்லிமீட்டரில். "20 எம்.எம். கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? சாம்பல் நிற பி.வி.சி. பைப்பில் 20 என்பது வெளிவிட்டம், அது அரை இஞ்ச் வகை. ஜி.ஐ. பைப்பிலும், சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. பைப்பிலும் 20 என்றால் முக்கால் இஞ்ச். ஒரே எண், இரண்டு அளவு. அதனால் கடைக்குப் போகும்போது மில்லிமீட்டரை மட்டும் சொல்லாதீர்கள். பைப் எந்த வகை, எத்தனை இஞ்ச், உள் மரையா வெளி மரையா என்று மூன்றையும் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பழைய ஃபிட்டிங்கையே கழற்றி எடுத்துப் போவது. கழற்ற முடியாவிட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போனில் ஒரு படம்.

சுலபமாக ஏறி, பாதியில் நிற்கும் மரை

இந்தியாவில் வீட்டுக் குழாய்களுக்கு நாம் பயன்படுத்துவது பி.எஸ்.பி. மரை. பிரிட்டிஷ் முறை. அதிலேயே இரண்டு உண்டு. ஒன்று சரிவு மரை. நுனி கொஞ்சம் ஒல்லியாக இருக்கும், உள்ளே போகப் போக இறுகும். 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் மாறும். மரையே தண்ணீரை அடைக்க வேண்டிய இடங்களுக்கு இது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 554. இன்னொன்று நேர் மரை, ஐ.எஸ். 2643. இது நுனியிலிருந்து அடி வரை ஒரே விட்டம். இதில் மரையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான். தண்ணீரை அடைப்பது வாஷர்.

இது ஏன் தெரியணும்? வாஷ்பேசினுக்கு அடியில் கனெக்ஷன் பைப் இருக்கு பாருங்க, அதன் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே ஒழுகினால் மரையில் டேப் சுற்றிப் பயன் இல்லை. வாஷரை மாற்றணும். பத்துச் சுற்று டேப் போட்டால் நட்டு முழுசாக ஏறாது, வாஷர் உட்காராது, ஒழுகல் அதிகமாகும். தினமும் ஏதோ ஒரு வீட்டில் இது நடக்கிறது.

இப்போது வெளிநாட்டுப் பொருள்கள் வீட்டுக்கு வருகின்றன. ஆன்லைனில் வாங்கிய ஃபில்டர், சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த ஷவர். அமெரிக்காவில் என்.பி.டி. என்று வேறு மரை. அதன் பல்லின் கோணம் 60 டிகிரி, நம்முடையது 55 டிகிரி. ஆனால் அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே ஒரு இஞ்சுக்கு 14 மரைதான். அதுதான் ஏமாற்றும். முதல் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும், பிறகு திடீரென்று இறுகும். "நல்லா டைட்டா இருக்கு"ன்னு நினைப்போம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சுருள் சுருளாக இடைவெளி இருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் கசியும். பெட்டியின் மேல் என்.பி.டி. என்று இருந்தால், இரண்டு மரைக்கும் நடுவே போடுகிற மாற்று அடாப்டர் கேட்டு வாங்குங்கள். இறுக்கிச் சரி செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

கையால் திருகும்போதே தெரிய வேண்டிய விஷயம் இது. டேப் சுற்றாமல், வெறும் கையால் ஏற்றிப் பாருங்கள். சரிவு மரை என்றால் மூன்று நான்கு சுற்று சிரமம் இல்லாமல் ஏறி, மெல்ல மெல்ல இறுக வேண்டும். ஒரே சுற்றில் நின்றாலும் தப்பு, அடிவரை லொட லொடவென்று போனாலும் தப்பு.

பிளாஸ்டிக்கும் பித்தளையும் சேரும் இடம்

இனி என் தங்கச்சி வீட்டுக் கதைக்கு வருவோம். இன்று வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஆனால் டேப், ஷவர், ஆங்கிள் காக், கீசர் எல்லாம் உலோக மரை. இரண்டும் சந்திக்கும் இடம்தான் வீட்டிலேயே பலவீனமான இடம்.

சரிவு மரை உள்ள பித்தளை நிப்பிள் என்பது ஓர் ஆப்பு மாதிரி. விறகு பிளக்கும்போது ஆப்பு வைத்து அடிப்போமே, அதே வேலை. பிளாஸ்டிக் வாய்க்குள் அதைத் திருகத் திருக, வாயை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அன்று உடையாது. சுடுதண்ணீர் போகும்போது விரியும், நின்றதும் சுருங்கும். தினம் இரண்டு முறை. எட்டு மாதத்தில் முடியளவு விரிசல் விழும்.

அதனால் ஒரு விதி. உலோக மரையை வெறும் பிளாஸ்டிக் உள் மரைக்குள் இறுக்காதீர்கள். டேப் பொருத்தும் இடங்களில் எல்லாம் பிராஸ் எல்போ, பிராஸ் டீ, பிராஸ் எஃப்.டி.ஏ. கேளுங்கள். சி.பி.வி.சி. என்றால் எஃப்.ஏ.பி.டி., எம்.ஏ.பி.டி. என்று கடையில் சொல்வார்கள். வெளியே பிளாஸ்டிக், உள்ளே பித்தளை மரை பதித்தது. ஒட்டும் பக்கம் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக், திருகும் பக்கம் உலோகத்தோடு உலோகம்.

அதை வாங்கும்போதும் இரண்டு விஷயம் பாருங்கள். பித்தளை பிளாஸ்டிக்கோடு விளிம்பு வரை சேர்ந்திருக்க வேண்டும், நடுவே கீறல் மாதிரி இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு நிப்பிளைக் கையால் ஏற்றி லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே பித்தளை மட்டும் தனியாகச் சுழன்றால் அந்த ஃபிட்டிங் வேண்டாம்.

பழைய வீடுகளில் ஜி.ஐ. பைப்போடு பித்தளை சேரும். அதில் வேறு சிக்கல். இரண்டு வேறு உலோகங்கள் தண்ணீரில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். இங்கே தேய்வது ஜி.ஐ. பக்கம். தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் வேகமாக. எனவே அப்படிப்பட்ட இணைப்பு சுவருக்குள் மறையாமல், கண்ணில் படும் இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளை மாதிரி பளபளப்பது எல்லாம்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. மரை வெட்டச் சுலபமாக இருக்கக் கொஞ்சம் ஈயமும் சேர்ப்பார்கள். மரை வெட்டுவதற்கென்றே உள்ள பித்தளைக் கம்பிக்கு ஐ.எஸ். 319 என்று தரம் உண்டு. அதன் முதல் வகையில் செம்பு 56 முதல் 59 சதவீதம், ஈயம் 2 முதல் 3.5 சதவீதம், மீதி பெரும்பாலும் துத்தநாகம்.

கடையில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? மூன்று எளிய சோதனை சொல்றேன்.

ஒன்று, காந்தம். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த சின்னக் காந்தம் சட்டைப்பையில் இருந்தால் போதும்.

இரண்டு, நிறம். குரோம் பூசிய ஃபிட்டிங்கை வெளியே பார்த்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே மரை வெட்டிய இடத்தைப் பாருங்கள். பித்தளை என்றால் மஞ்சள் தெரியும். சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். அதிலும் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

மூன்று, எடை. ஒரே அளவு ஃபிட்டிங் இரண்டைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். எடை ரொம்பக் குறைந்தால் ஒன்று உலோகம் வேறு, அல்லது சுவர் மெல்லியது. இரண்டுமே நமக்கு ஆகாது. மரையின் பற்கள் கூர்மையாக, முழுதாக இருக்கின்றனவா, உள்ளே ஊசித்துளை, பிசிறு இருக்கிறதா என்று போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

டேப், வால்வு வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். திருகு டேப்புகளுக்கும் ஸ்டாப் வால்வுகளுக்கும் ஐ.எஸ். 781, கேட் வால்வு வகைகளுக்கு ஐ.எஸ். 778. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். உங்கள் போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியை இறக்கி, அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரிப்பாளர், எந்தப் பொருளுக்கு உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம். எல்லாச் சின்ன ஃபிட்டிங்கிலும் முத்திரை இருக்காது. அங்கேதான் நான் சொன்ன காந்தம், நிறம், எடை.

நம் தண்ணீருக்கு எந்தப் பித்தளை?

நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. இங்கே பித்தளைக்கு ஒரு வியாதி வரும். தண்ணீரில் குளோரைடு அதிகம் இருந்து, அது குழாயில் தேங்கி, சூடாகவும் இருந்தால், பித்தளையிலிருக்கும் துத்தநாகம் மட்டும் கரைந்து போகும். செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். வெளியே பார்த்தால் உருவம் அப்படியே இருக்கும். வெள்ளையாகப் பூத்திருக்கும், சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் சிவப்பு தெரியும். ரெஞ்சு போட்டால் ரஸ்க் மாதிரி உதிரும். டேப்பைக் கழற்றப் போய் மரை உள்ளேயே முறிந்து நின்ற அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் தரமான ஐ.எஸ். 10500 படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை. மொத்தக் கரைந்த உப்பு 500, வேறு வழியில்லாவிட்டால் 2000. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி மாதிரியைக் கொடுத்தால் அறிக்கை கிடைக்கும். வீடு கட்டும்போது ஒரு முறை இதைச் செய்துவிட்டால், எந்த ஃபிட்டிங் வாங்குவது என்பதில் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

உப்பு அதிகம் என்றால், துத்தநாகம் கரையாதபடி கலவை மாற்றிய பித்தளை உண்டு. டி.இசட்.ஆர். அல்லது சி.ஆர். என்று பொறித்திருப்பார்கள். வால்வுகளுக்குக் கன்மெட்டல் நல்ல தேர்வு, அதில் துத்தநாகம் குறைவு. எது கிடைக்காவிட்டாலும், உப்புத் தண்ணீர் லைனையும் குடிநீர் லைனையும் தனித்தனியாக வையுங்கள்.

இன்னொன்று, அளவுக்கு மீறி இறுக்குவது. பித்தளை இறுக்கத்தில் நிற்கும்போது அம்மோனியா பட்டால் விரியும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, மழைக்காலத்தில் பித்தளை உறைகள் தானாக விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் ஈரமும்தான் காரணம் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. நம் வீட்டில் குதிரை இல்லை, ஆனால் கழுவும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. கழிவறை ஆசிட்டும் பித்தளைக்கு ஆகாது. இவை ஃபிட்டிங் மேல் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

குடிநீர் வரும் சமையலறைக் குழாய்க்கு ஒரு எச்சரிக்கை. பித்தளையில் ஈயம் இருக்கிறது என்று சொன்னேன். இரவெல்லாம் ஃபிட்டிங்குக்குள் நின்ற தண்ணீரில் அது கொஞ்சம் கரையலாம். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 10500. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டில், காலையில் முதலில் வரும் தண்ணீரைப் பாத்திரம் கழுவவோ செடிக்கோ பிடித்துவிட்டு, அடுத்து வருவதைச் சமையலுக்கு எடுங்கள். கீசர் தண்ணீரைச் சமைக்கப் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் ஈயம் இன்னும் கரையும். புதிதாக வாங்கும்போது ஈயம் குறைந்த வகை கிடைக்குமா என்று கேளுங்கள்.

டேப் சுற்றுவதில் ஒரு கை

வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பற்றி ஒரு நிமிஷம். மரையின் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். நுனியில் ஒரு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் துண்டு உள்ளே போய் ஷவரை அடைக்கும். மெல்லிய டேப் என்றால் அரை இஞ்சுக்கு ஆறேழு சுற்று. கையால் இறுக்கிய பிறகு ரெஞ்சில் ஒன்று, ஒன்றரைச் சுற்று. டேப்பின் வாய் நேராக வரவில்லை என்று பின்பக்கமாகத் திருப்பாதீர்கள். திருப்பினால் உள்ளே டேப் கிழிந்திருக்கும். கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும்.

சுவரை மூடும் முன்

இப்போது நான்காவது கேள்வி. டைல்ஸ் ஒட்டுபவர் வருவதற்கு முன், எல்லா வாயிலும் எண்ட் பிளக் போட்டு, பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் பம்ப் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒட்டுப் பசை காய்ந்த பிறகுதான் செய்ய வேண்டும். வீட்டில் வரப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் அதிகம் இல்லை. ஆனால் பிரஷர் பம்ப் வைக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள். பம்ப் கிடைக்காவிட்டால், தொட்டித் தண்ணீரையாவது விட்டு, ஓர் இரவு நிறுத்தி, காலையில் ஒவ்வொரு இணைப்பிலும் செய்தித்தாள் துண்டை ஒற்றிப் பாருங்கள். காகிதம் பொய் சொல்லாது.

பிறகு போனை எடுங்கள். திறந்திருக்கும் சுவரை, தரையிலிருந்து டேப் அளவு தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு படம். தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஹேங்கர் மாட்ட டிரில் போடும்போது இந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

பில் வாங்குங்கள். கச்சாச் சீட்டு வேண்டாம். பொருளின் பெயர், அளவு, பிராண்டு எழுதிய பில். பொருள் குறையாக இருந்து கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை போலி என்று தோன்றினால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்கோ வேலைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்தான்.

கேள்வி நேரம்

கூட்டத்தில் ஒரு அம்மா: "டைல்ஸ் போட்டதுக்கு அப்புறம் எல்போ உள்ள போயிடுச்சு. டேப் எட்டவே மாட்டேங்குது. என்ன செய்ய?"

இது எல்லா வீட்டிலும் நடக்கிறதும்மா. அதற்கென்றே பிராஸ் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் இருக்கு. ஒரு பக்கம் வெளி மரை, ஒரு பக்கம் உள் மரை. ஒரு குச்சியை எல்போவின் வாய் வரை விட்டு, டைல்ஸ் மட்டத்தில் அடையாளம் போட்டு அளந்து, அந்த நீளத்துக்கு ஒரே நிப்பிளாக வாங்குங்க. சின்னதாக மூன்றை ஒன்றுக்குள் ஒன்று மாட்டாதீங்க. இணைப்பு கூடக் கூட ஒழுகும் இடமும் கூடும்.

ஒரு தம்பி: "சார், சுவர் ஓரத்துல லேசா கசியுது. எபாக்சி வெச்சு அடைச்சுட்டா போதாதா?"

வெளியே தெரியும் இணைப்பு, நாளைக்குப் பிளம்பர் வருவார், அதுவரை என்றால் சரி தம்பி. அதையே நிரந்தரம் ஆக்காதீங்க. வெளியே அடைத்த தண்ணி உள்பக்கமாகச் சுவருக்குள் போகும். அது எங்கே வெளியே வரும்னு நமக்குத் தெரியாது. என் தங்கச்சி வீட்டில் சுவிட்ச் போர்டில் வந்தது. லேசான கசிவுதானே என்பீர்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி டம்ளர் ஒன்று நிரம்பும் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 4.8 லிட்டர். ஒரு வருஷத்துக்கு 1,752 லிட்டர். அவ்வளவும் சுவருக்குள் போனால்?

இன்னொருவர்: "நாங்க வாடகைக்கு இருக்கோம். சுவருக்குள்ள ஒழுகினா யார் சரி பண்ணணும்?"

நல்ல கேள்வி. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதைப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். தேவைப்படும்போது குழாய் லைனை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. மின் வயரிங்கும் அவர் பொறுப்பு. டேப்பையும் டேப் வாஷரையும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரத்தைப் பார்த்த அன்றே படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

கடைசியாக ஒன்று. ஈரமான சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால், பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் மெயினை அணையுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் மின்சாரம் துண்டாக வேண்டும். துண்டாகாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அந்த எல்போ யார் கையில் இருக்கு? திருப்பிக் கொடுத்துடுங்க. நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதை எடுத்துட்டுப் போறேன். அன்னைக்குக் கடைக்கு இன்னொரு தடவை நடந்திருந்தா அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.